கேயா, டபிள்யூவா?

டெல்மர் கூபிக் பயந்தாங்கொள்ளி. கிளே கவுண்டி என்ற அந்த மாவட்டத்தில் இதை யாரும் அவன் முதுகுக்குப் பின்னால் சொல்வதில்லை, முகத்துக்கு நேரே சொல்வார்கள். ஆறடி இரண்டங்குல உயரம், ஐம்பத்தெட்டு வயது, தோள் இரண்டும் கதவு நிலையை இடிக்கும். அப்பேர்ப்பட்ட ஆள், மேற்கே கட்டைவிரல் அளவுக்கு மேகம் கறுத்தால் கையிலிருக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ரேடியோவைத் திருகத் தொடங்கிவிடுவான். நெப்ராஸ்காவில் கோடைக்காலத்தில் வாரத்துக்கு நாலு நாள் மேகம் கறுக்கும். ஆக, வாரத்துக்கு நாலு நாள் அவன் வேலை பாதியில் நிற்கும்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஜூன் மாதத்து ஒரு பிற்பகல், வீட்டு ரேடியோவில் சிகாகோவிலிருந்து நடன இசை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வந்த வானிலை அறிவிப்பில் 'ஆங்காங்கே பலத்த காற்று' என்றார்கள். சுழல்காற்று என்ற சொல்லை அறிவிப்பில் வாயெடுத்துச் சொல்லக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். சொன்னால் ஜனங்கள் மிரண்டு ஓடுவார்களாம். நல்ல வழக்கம்! அப்பா தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று போனார். மறுநாள் அரை மைல் தள்ளிப் பக்கத்துப் பண்ணையின் வேலியோரம் அவரைக் கண்டெடுத்தார்கள். மிரண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பார். டெல்மர் அன்றைக்குப் படித்த பாடம் இவ்வளவுதான், அதற்குப்பிறகு அவன் வேறு பாடம் படிக்கவில்லை.

வேலை கிராமத்துத் தபால். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் காரின் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி பிரேக்கை மிதித்தபடி, சாலையோரப் பெட்டிகளில் கடிதத்தைச் செருகிக்கொண்டே தினமும் தொண்ணூற்றிரண்டு மைல் போக வேண்டும். அத்தனை மைலும் ரேடியோ பாடும். வானிலைக்காகத்தான் முதலில் கேட்கத் தொடங்கினான். ஆனால் வானிலை மணிக்கு இரண்டு நிமிடம்தானே, மீதி ஐம்பத்தெட்டு நிமிடமும் பாட்டல்லவா? பயத்தில் திருகத் தொடங்கிய கைக்கு அந்த ருசி தொற்றிக்கொண்டது.

காலையில் செக் குடியேறிகளின் ஊரிலிருந்து அக்கார்டியனும் பெரிய ஊதுகுழலும் சேர்ந்து குதிக்கும் போல்கா. பத்து மணிக்கு இன்னொரு நிலையத்தில் விற்பனை நேரம்: ஒருத்தி பழைய துவைக்கும் எந்திரத்தை விற்பாள், ஒருத்தன் நாய்க்குட்டிகளைச் சும்மா தருவதாகக் கெஞ்சுவான், நடுநடுவே மனைவி ஓடிப்போன கதையை யாராவது கிட்டாரை வழுக்கி வழுக்கி அழுவார்கள். கிழக்குச் சாலையில் திரும்பினால் இறைச்சித் தொழிற்சாலை ஊரிலிருந்து மெக்சிகோக்காரர்களின் பாட்டு. அதிலும் அக்கார்டியன்தான். போல்காவுக்குச் சித்தப்பா மகன் முறை என்று டெல்மர் சொல்வான். மேட்டில் ஏறினால் வடக்கே லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலையம் பெருமுரசோடு கேட்கும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். பல்கலைக்கழக நிலையத்து அறிவிப்பாளர் தொட்டில் குழந்தை எழுந்துவிடும் என்பதுபோல் கிசுகிசுப்பார், அவர் முடித்ததும் வயலின்கள் கிளம்பும். ஞாயிறு காலை ஒமாஹாவிலிருந்து கறுப்பர் சபையின் கூட்டுப்பாட்டு, அதற்கு டெல்மர் காரை ஓரங்கட்டிவிடுவான்.

கேட்ட நிலையங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தான். நாள், நேரம், என்ன பாட்டு, எந்த ஊர். பிறகு அந்த நிலையத்துக்குக் கடிதம் போடுவான். அவர்களும் 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று ஒரு அட்டை அனுப்புவார்கள். நாட்டில் இப்படி ஒரு கூட்டமே உண்டு, அவர்களுக்குள் ஒரே ஒரு கண்டிப்பான விதியும் உண்டு: நிலையம் தன் வாயால் தன் பெயரைச் சொல்லிக் காதால் கேட்காதவரை நோட்டில் எழுதக் கூடாது. குரலை வைத்து ஊகிப்பது, பாட்டை வைத்து ஊகிப்பது எல்லாம் திருட்டுக்குச் சமம். மணி அடிக்கும் நேரத்தில் ஒவ்வொரு நிலையமும் தன் பெயரைச் சொல்லியாக வேண்டும், அது சட்டம். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருக்கும் நிலையத்தின் பெயர் கே என்ற எழுத்தில் தொடங்கும், கிழக்கே இருந்தால் டபிள்யூ. முதல் எழுத்து காதில் விழுந்தாலே ஆற்றுக்கு இந்தக் கரையா, அந்தக் கரையா என்று தெரிந்துவிடும்.

எந்த ஊர் நிலையம் என்று எப்படித் தெரியாமல் போகும் என்றால், மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை வானம் ஒரு வேடிக்கை காட்டும். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் நிலையம், மேலே எங்கேயோ மோதித் திரும்பி, பட்டப்பகலில் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் வந்து விழும். அரை மணி நேரம் இருக்கும், அப்புறம் கிணற்றுத் தண்ணீர் வற்றுவதுபோல் மெல்ல மெல்ல இறங்கிப் போய்விடும். டெல்மர் வருஷம் முழுவதும் காத்திருப்பது இந்த ஆறு வாரத்துக்குத்தான். அவன் வருஷம் முழுவதும் நடுங்குவதும் இதே ஆறு வாரத்துக்குத்தான். சுழல்காற்றுக்கும் அதுவே பருவம்.

அவன் மனைவி ஆர்டிஸுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். ஒரே காலையில் இருநூறு பிள்ளைகளுக்கு மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் செய்து இறக்கிவிட்டு, மத்தியானம் டெல்மரைக் கிண்டல் செய்யவும் அவளுக்குத் தெம்பிருக்கும். அவர்கள் இருந்தது டிரெய்லர் வீடு. தகரமும் பலகையும், அடியில் நிலவறை கிடையாது. பெருங்காற்றுக்கு இப்படிப்பட்ட வீடு தீப்பெட்டி. நிலவறை இருந்தது இருநூறு தப்படி தள்ளி, ரோலி என்கிற பக்கத்துப் பண்ணைக்காரனிடம். முப்பத்தொரு வருஷமாக டெல்மர் கூப்பிடும்போதெல்லாம் ஆர்டிஸ் முனகிக்கொண்டே அந்த நிலவறைக்குப் போனாள். "ரோலி வீட்டு ஊறுகாய் ஜாடியெல்லாம் எனக்கு மனப்பாடம், நான்தான் அதுக்கெல்லாம் அத்தை," என்பாள்.

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு, மே பதினாறாம் தேதி, அது நடந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. ரேடியோவில் ஒரு குரல், கிளே கவுண்டியில் சுழல்காற்று இறங்கிவிட்டது, எல்லோரும் ஒதுங்குங்கள் என்று கத்தியது. டெல்மர் அதற்குமேல் கேட்கவில்லை. அடுப்படியில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். ரோலியின் நிலவறைப் படி நனைந்திருந்தது. மூன்றாவது படியில் ஆர்டிஸின் செருப்பு வழுக்கியது. கீழே போய் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ரோலி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, டெல்மரின் சட்டைப்பையிலிருந்த ரேடியோ அப்போதுதான் சாவகாசமாகத் தன் பெயரைச் சொன்னது. டபிள்யூ. மிசிசிப்பி மாநிலம். அமெரிக்காவில் பதினெட்டு கிளே கவுண்டிகள் உண்டு.

"மிசிசிப்பிக் காத்துக்குப் பயந்து நெப்ராஸ்காவுல பொண்டாட்டி இடுப்பை ஒடிச்சவன்யா நம்ம டெல்லு!" ரோலி கெட்டவன் இல்லை, ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். தபால் போடும் வழியில் ஒவ்வொரு பெட்டியோரமும் டெல்மருக்கு இது கேட்டது. கடிதத்தைச் செருகிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தான்.  தபால் போக மிச்ச நேரமெல்லாம், நாலு வாரம், ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் நாற்காலியில் கிடந்தான். பத்திரிகை பார்க்கவில்லை, ரேடியோவைத் தொடவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "எலும்புல வெச்ச ஆணி இன்னும் ஊணலை. இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா அப்புறம் நடக்கறதை மறந்துடுங்க," என்றார்.

காரில் வரும்போது ஆர்டிஸ் சொன்னாள்: "டெல், ஒண்ணு சொல்றேன். இனிமே பேர் கேக்காம என்னைத் தொட்டியானா, ஊணுகோலாலயே போடுவேன்."

"சத்தியமாத் தொட மாட்டேன்," என்றான். மனதார சத்தியம் செய்தான். தன் பயத்தின் மேலேயே அவனுக்கு அன்றைக்கு வெறுப்பு வந்திருந்தது.

ஜூன் இருபத்துநாலு. தபால் முடித்து இரண்டரைக்கு வீட்டுக்கு வந்தான். ஆர்டிஸ் ஜன்னலோரக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்தே வானம் தன் வேடிக்கையைத் தொடங்கியிருந்தது. முள்ளை எங்கே வைத்தாலும் கிழக்குக் கரைதான்: ஜார்ஜியாவில் பிரசங்கம், கரோலினாவில் பாஞ்சோ, ஃபுளோரிடாவில் கியூபாக்காரர்களின் தம்பட்டம். வேறொரு நாளாக இருந்தால் டெல்மர் நோட்டைத் தூக்கிக்கொண்டு குதித்திருப்பான். அன்று மேற்கே வானம் பழைய செம்புப் பாத்திரம்போல் பச்சை பாய்ந்திருந்தது. மூன்றரைக்கு மின்சாரம் போயிற்று. டெலிஃபோனை எடுத்து ரோலி வீட்டுக்கு அடித்தான், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரோலி டிராக்டர் சாமான் வாங்க வெளியூர் போயிருந்தான்.

பேட்டரி ரேடியோவை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று ஐம்பத்திரண்டுக்கு, வழக்கமாக ஒன்றுமே இருக்காத ஒரு இடத்தில், ஒரு கோஷ்டிப் பாட்டு வந்தது. தெற்கத்திச் சபைப் பாட்டு, கைதட்டலோடு. அதற்கடியில், அதே இடத்தில் மோதும் வேறொரு நிலையத்திலிருந்து, ஒரு ஆண்குரல். பாட்டு தணியும்போது குரல் மேலே வரும், பாட்டு எழும்பினால் குரல் முங்கிப்போகும்.

"...கிளே கவுண்டி... தரையில இறங்கிடுச்சு, நான் திரும்பச் சொல்றேன்..." கைதட்டல். "...சேலம் சர்ச் ரோட்டைத் தாண்டி..." அல்லேலூயா, அல்லேலூயா. "...வடகிழக்கா... கிட்ட இருக்கறவங்க தயவுசெஞ்சு..."

டெல்மர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தான். சேலம் சர்ச் ரோடு தென்மேற்கே நாலு மைலில் இருக்கிறது. தினமும் அதில் பதினொரு பெட்டிகளில் தபால் போடுகிறான். ஆனால் சேலம் பைபிளில் வரும் பெயர். அந்த நாட்டில் சேலம் சர்ச் இல்லாத கவுண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மிசிசிப்பியிலும் இருக்கும், ஜார்ஜியாவிலும் இருக்கும். பாட்டு தெற்கத்திப் பாட்டு. இந்த இடத்தில் இங்கே நிலையமே கிடையாது, அறுநூற்றுப் பதினோரு நிலையம் எழுதிய நோட்டு சாட்சி. குரலும் அவன் கேட்டறியாத குரல்.

"மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது?" என்றாள் ஆர்டிஸ்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா தொடையை ஏன் அந்தத் தேய் தேய்க்கிற? பேன்ட் கிழியப் போவுது."

"கிளே கவுண்டிங்கறான்."

"போன மாசமும்தான் சொன்னான்." பட்டாணித் தோலைச் சட்டியில் போட்டாள். "கேயா, டபிள்யூவா?"

"இன்னும் சொல்லல. நாலு மணிக்குச் சொல்வான்."

"அப்ப நாலு மணி வரைக்கும் கம்முனு உக்காரு."

உட்கார்ந்தான். கடிகாரத்தில் எட்டு நிமிடம் இருந்தது. அந்த நேரத்தில் அவன் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே மழை வெள்ளைத் துணி கட்டியதுபோல் நின்றது, ரோலியின் தானியக் குதிர்கூடத் தெரியவில்லை. சுழலைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. தூக்கிக்கொண்டு ஓடினால், ஈரப் படியில் அவள் விழுந்தால், இனி அவளுக்கு நடை இல்லை. தூக்காமல் இருந்தால், அது கேயாக இருந்தால்? இரண்டுக்கும் நடுவில் ஒரு எழுத்து. அவனுடைய கால்கள் தாமாகவே நாற்காலிக்கடியில் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு வயதிலிருந்து ஓடு ஓடு என்று கத்தும் அதே குரல் அவனுக்குள் கத்தியது. அந்தக் குரலை நம்பித்தானே போன மாதம் அவள் இடுப்பை ஒடித்தோம் என்று இன்னொரு குரல் சொன்னது. வாழ்நாளில் முதல்முறையாக அவன் தன் பயத்துக்குக் கீழ்ப்படியாமல் உட்கார்ந்திருந்தான்.

"...பள்ளிக்கூடத்து ஜன்னல்லேர்ந்து எனக்குத் தெரியுது..." என்றது அந்தக் குரல். அழுகிறானோ என்று டெல்மருக்குத் தோன்றியது. "...அவங்கவங்க வீட்டுல யாராச்சும்..." பாட்டு எழும்பிற்று.

"பேரைச் சொல்லித் தொலையேன்டா," என்று ரேடியோவைப் பார்த்துக் கெஞ்சினான் டெல்மர். "ஒரு எழுத்துடா. ஒரே எழுத்து."

மூன்று ஐம்பத்தேழு. "...தயவுசெஞ்சு யாரும் கார்ல வெளிய வரா..."

நின்றுவிட்டது.

கோஷ்டிப் பாட்டு தெள்ளத்தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல், அறை நிறைய வந்தது. கைதட்டல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. டெல்மர் காதை ரேடியோவோடு ஒட்டவைத்தான். முப்பது வருஷம் திருகிய காது அது. தூரத்து நிலையம் போகும்போது இழுத்துப் பறித்துக்கொண்டு, இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மெல்லத்தான் வற்றும். சொல்லின் நடுவில் கத்தரித்ததுபோல் போகாது. அப்படிப் போனால், அந்தக் கோபுரம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை நேரமும் ஏறி இறங்கியது பாட்டுதான், குரல் ஒரே அளவில் நின்றது என்பதும் அவனுக்கு அப்போதுதான் பிடிபட்டது, பக்கத்து நிலையம்தான் அப்படி நிற்கும். கோபுரத்தை எது தள்ளியதோ, அது இங்கேதான் இருக்கிறது.

"ஆர்டி, அது கே."

"சொல்லிட்டானா?"

"சொல்லல. செத்துப்போச்சு."

அவன் முகத்தில் அவள் எதைப் பார்த்தாளோ, பட்டாணிச் சட்டியைத் தள்ளிவைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கி நீட்டினாள்.

தோட்டத்துக்கு உரம் தள்ளும் இரட்டைச் சக்கர வண்டியில் மெத்தையைப் போட்டு, அவளை வைத்து, போர்வையை மூடித் தள்ளினான். ஆலங்கட்டி முதுகில் கல்லெறிபோல் விழுந்தது. ஒவ்வொரு குழியிலும் ஆர்டிஸ் வீறிட்டாள். ஒவ்வொரு வீறலுக்கும் "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். காது அடைத்தது. ரயில் வண்டி தூரத்தில் வருவதுபோல் ஒரு சத்தம், ஆனால் அந்தப் பக்கம் தண்டவாளமே இல்லை.

நிலவறைக் கதவைத் தூக்கிப் போட்டான். படிகளில் தண்ணீர் வழிந்தது. நின்றபடி இறங்கினால் வழுக்கும் என்று, முதல் படியில் உட்கார்ந்துகொண்டான். அவளை மடியில் கிடத்தி, இடுப்பைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, குழந்தை இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகப் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து இறங்கினான். மூன்றாவது படியில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பதாவது படியில் தரை வந்தது. அவளை உருளைக்கிழங்குச் சாக்குகள்மேல் படுக்கவைத்துவிட்டு மேலே ஏறிக் கதவை இழுத்துச் சங்கிலியைப் போட்டான்.

உள்ளே கும்மிருட்டு. மேலே அந்தச் சத்தம் நெருங்கி வந்தது. கதவு சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்தது. டெல்மர் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்த ரேடியோவை எடுத்தான். யாராவது எதையாவது சொல்ல மாட்டார்களா? திருகினான். ஜார்ஜியாவில் அல்லேலூயா. திருகினான், ஒருத்தி தன்னை விட்டுப் போனவனைப் பாட்டாலேயே திட்டிக்கொண்டிருந்தாள். திருகினான், பாஞ்சோ. திருகினான், தம்பட்டம். ஓர் இளைஞன் மியாமிக் கடற்கரையில் வெயில் பிரமாதம் என்று சொல்லிச் சிரித்தான். நாடு முழுவதும் பாடிக்கொண்டிருந்தது, கிளே கவுண்டி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தான் இத்தனை வருஷமாக நேசித்த அத்தனை குரல்களுக்கும் தன்னைத் தெரியாது என்று அவனுக்கு அப்போது உறைத்தது. அவன் ரேடியோவை நிறுத்தினான்.

"டெல்."

"இங்கதான் இருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

முப்பத்தொரு வருஷத்தில் இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அவள் பற்கள் மோதும் சத்தம் இருட்டில் கேட்டது. டெல்மர் தவழ்ந்துபோய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். வேறெதிலும் இல்லாவிட்டாலும் இதில் அவன் பழுத்தவன்.

"பல்லைக் கடிக்காத. வாயைத் தொறந்து வெச்சுக்கோ, காது வலிக்காது," என்றான். "என் விரலைப் பிடி. எண்ணு. ஒண்ணுலேர்ந்து எண்ணு, நூறு வந்தா திரும்ப ஒண்ணு. நடுவுல அழுகை வந்தா அழுதுக்கோ, எண்றதை மட்டும் விடாத."

"நீ இப்படித்தான் பண்ணுவியா?"

"எப்பவும் இப்படித்தான்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ சிரிப்ப."

அவள் எண்ணத் தொடங்கினாள். நாற்பத்தி ஏழில் மேலே ஏதோ பெரிதாகக் கிழிந்தது. கதவின் ஒரு பலகை பிய்ந்து பறந்து, சாம்பல் வெளிச்சமும் மண்ணும் வைக்கோலும் உள்ளே கொட்டின. டெல்மர் அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். இருவரும் கத்தினார்கள், என்ன கத்தினார்கள் என்று இருவருக்குமே தெரியாது.

அவர்கள் மேலே வந்தது ஐந்து மணிக்கு, ரோலி வந்து கதவைப் பெயர்த்த பிறகு. ரோலி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். டிரெய்லர் வீடு இருந்த இடத்தில் நாலு சிமெண்ட் கட்டைகளும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருந்தன. குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நாலு மணிவரை காத்திருந்தால், பெயரைக் கேட்டுவிட்டுத்தான் எழுவேன் என்று உட்கார்ந்திருந்தால், என்ற கணக்கை டெல்மர் அப்போதும் போட்டான், அதற்குப்பின் பல இரவுகளிலும் போட்டான்.

அந்தக் குரல் கவுண்டி பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியாருடையது. டெல்மர் ஆஸ்பத்திரி நாற்காலியில் கிடந்த நாலு வாரத்தில், பள்ளிக்கூடம் பத்து வாட்டில் ஒரு நிலையம் தொடங்கியிருந்தது. கே என்றுதான் பெயர். கூரைமேல் நின்ற கம்பம் விழுந்தபோது வாத்தியார் பெரிய மத்தளத்துக்குப் பின்னால் பதுங்கிப் பிழைத்துக்கொண்டார். பின்னால் ஒருநாள் டெல்மரைப் பார்த்து, "பேர் சொல்ற நேரத்துல இன்னொரு ரோட்டுப் பேரைச் சொல்லலாமேன்னு விட்டுட்டேங்க," என்று தலைகுனிந்தார். டெல்மர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆர்டிஸின் ஆணி அசைந்திருந்தது, இன்னொரு அறுவை செய்தார்கள். இலையுதிர்காலத்தில் கோலூன்றி நடந்தாள். புதுவீடு வந்தது, அதற்கடியில் ஒரு நிலவறையும் வந்தது. ஊர் டெல்மரைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டது. மரியாதையாகக்கூடப் பேசினார்கள். அவனுக்கு அது ரொம்பச் சங்கடமாக இருந்தது.

மறுவருஷம் ஏப்ரல், ஒரு சனிக்கிழமை காலை. டெல்மர் சமையலறையில் போல்கா கேட்டுக்கொண்டிருந்தான். மேற்கே எங்கோ மெல்ல ஓர் இடி உருண்டது. சின்ன இடி. அவன் வழக்கப்படி முள்ளைத் திருகக் கை நீட்டிவிட்டு, நிமிர்ந்து பார்த்தான். ஆர்டிஸ் நிலவறைக் கதவோரம் நின்றிருந்தாள். கோட்டு போட்டு, கைப்பையை மாட்டி, ஒரு கையால் கோலையும் மறு கையால் கதவுப் பிடியையும் பற்றியிருந்தாள். முகம் மாவுபோல் இருந்தது.

"ஆர்டி, சின்ன மழைதான்."

"பேர் கேக்கணும்னா உக்காந்திருக்க? வா டெல். வா, வா."

அவளை மடியில் வைத்து இறக்க வேண்டியிருக்கவில்லை, இந்த நிலவறைக்குக் கைப்பிடி உண்டு. கீழே பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லி அவனைக் கிண்டல் செய்ய மாட்டாளா என்று டெல்மர் ஏங்கினான். "ஊறுகாய் ஜாடிக்கெல்லாம் இங்க யாரு அத்தை?" என்று கேட்டுப் பார்த்தான். அவள் காதில் அது விழவில்லை. முப்பத்தொரு வருஷம் தான் நிம்மதியாகப் பயந்துகொண்டிருந்தது எப்படி என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. பயப்படாத ஆள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். இப்போது அந்த இடம் காலி.

மேலே இன்னொரு இடி, முதலாவதைவிடக் கொஞ்சம் பெரியது. அவள் விரல்கள் அவன் மணிக்கட்டை நெரித்தன.

"அட, இதுக்குப் போயா?" என்றான் டெல்மர், முடிந்தவரை அவள் பேசுகிற மாதிரியே. "அம்பது மைல் தள்ளிப் போயிடும். பாரு, நான் பயப்படறேனா?"

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் மனதுக்குள் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தான். முகத்தை அவளுக்காக அப்படியே வைத்திருந்தான்.